வாழைப்பழ ஓட்ஸ் கேக்கின் அடிப்பகுதி ஏன் களியாகிறது?

மார்ச் 1 – கேள்வி

நன்றாகக் கனிந்த மூன்று வாழைப்பழம், இரண்டு கோப்பை ஓட்ஸ், இரண்டு முட்டை, கொஞ்சம் எண்ணெய், ஒரு தேக்கரண்டி பேக்கிங் பவுடர். மைதா இல்லை, சர்க்கரை இல்லை. மேலே அழகாக உப்பிச் சிவந்தது. கத்தியால் குத்திப் பார்த்தேன், ஒட்டவில்லை. ஆறியபின் வெட்டினால் அடியில் ஒரு விரல் பருமனுக்குக் களி. அடுத்த முறை பத்து நிமிடம் கூடுதலாக வைத்தேன். மேல்பகுதி காய்ந்ததே தவிர அடிப்பகுதி மாறவில்லை. மைதா இல்லாமல் கேக் வராது என்பதே என் முடிவு. மறுப்பவர் உண்டா?

மார்ச் 1, இரவு

மறுக்கிறேன். நான்கு ஆண்டுகளாக மைதா சேர்க்காமல் இந்தக் கேக்கைச் செய்துவருகிறேன்; களியான கேக்கும் வந்திருக்கிறது, பஞ்சு போன்ற கேக்கும் வந்திருக்கிறது. ஆகவே குற்றம் ஓட்ஸில் இல்லை.

கோதுமை மாவை நீர்விட்டுப் பிசைந்தால் அதன் புரதம் குளூட்டன் என்ற இழுவைத்தன்மையுள்ள வலையாகி வாயுக் குமிழிகளைப் பிடித்துவைக்கிறது என்பதும், ஓட்ஸின் புரதத்தில் பெரும்பகுதி வேறு வகையைச் சேர்ந்ததால் அப்படி ஒரு வலை அதில் உருவாவதில்லை என்பதும் உண்மைதான். ஆனால் கேக்குக்கு ரொட்டிக்கு வேண்டிய அளவு வலை தேவையில்லை. முட்டையின் புரதம் 60 பாகைக்கு மேல் இறுகத் தொடங்கி 80 பாகைக்குள் கெட்டியாகிவிடுகிறது. அதே நேரத்தில் ஓட்ஸின் மாவுச்சத்து நீரை உறிஞ்சி வீங்குகிறது. இவை இரண்டும் சேர்ந்தே கேக்கைத் தாங்கி நிறுத்தப் போதுமானவை. கோதுமை மாவுக் கேக்கைப் போல உயரமாக எழாது என்பதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.

உங்கள் கேக் நடுவில் வேகவில்லை என்று நினைக்கிறேன். கத்தியை நம்பாதீர்கள். சமையல் வெப்பமானி இருந்தால் நடுவில் செருகிப் பாருங்கள். 95 அல்லது 96 பாகை காட்டினால்தான் வெந்தது என்று பொருள்.

மார்ச் 2

நேற்று எழுதியதைத் திருத்துகிறேன். கேள்வியை மறுபடியும் படித்தேன். பத்து நிமிடம் கூட்டியும் அடிப்பகுதி மாறவில்லை என்று அதிலேயே எழுதியிருக்கிறது. நான் அதைக் கவனிக்காமல் வேகவில்லை என்று சொல்லிவிட்டேன். வேகாத கேக்கின் குறை நடுவில் ஈரமாகத் தெரியும், நேரம் கூடினால் குறையும். அடிமுழுவதும் ஒரே சீராகப் படியும் களி வேறு வகை. அது வெந்த களி.

மூன்று வாழைப்பழம் என்றால் எத்தனை கிராம்? தோலை உரித்தபின் நிறுத்துச் சொல்லுங்கள். அதைத் தெரிந்துகொள்ளாமல் மேலே பேசுவதில் பயனில்லை.

மார்ச் 7

கேட்டவர் இன்னும் நிறுக்கவில்லை. நான் பொறுத்திருக்க முடியாமல் என் வீட்டில் இரண்டு கேக் செய்து பார்த்துவிட்டேன். இரண்டுக்கும் 200 கிராம் ஓட்ஸ் மாவு, இரண்டு முட்டை, 50 மில்லி எண்ணெய், ஒரே வகை நீள டின், 175 பாகை சூடு, 45 நிமிடம். வேறுபாடு பழத்தின் எடையில் மட்டும்தான். முதலாவதில் மூன்று சிறிய பழம், உரித்தபின் 240 கிராம். இரண்டாவதில் மூன்று பெரிய பழம், உரித்தபின் 380 கிராம். எண்ணிக்கையில் இரண்டும் மூன்றுதான்.

240 கிராம் பழம் சேர்த்த கேக் அடிமுதல் நுனிவரை ஒரே துளைகளோடு வெந்திருந்தது. 380 கிராம் பழம் சேர்த்த கேக்கின் அடியில் கேட்டவர் சொன்ன அதே களி, ஒரு விரல் பருமனுக்குச் சற்றுக் குறைவாக, பளபளவென்று படிந்திருந்தது. இரண்டின் நடுவிலும் வெப்பமானி 96 காட்டியது. ஆகவே வேகவில்லை என்ற என் முதல் பேச்சு முற்றிலும் தவறு.

காரணத்தை இப்படிப் பார்க்கிறேன். வாழைப்பழத்தின் எடையில் ஏறத்தாழ முக்கால் பங்கு நீர். 240 கிராமில் 180 கிராம் நீர் இருக்கும். 380 கிராமில் 285. அதாவது இரண்டாவது கலவையில் நூறு கிராமுக்கு மேற்பட்ட தண்ணீரை, கிட்டத்தட்ட அரைக் கோப்பை, நான் கேட்காமலேயே பழம் ஊற்றிவிட்டது. கலவை தளர்ந்தால் மாவுத் துகளும் பழச் சதையும் இறுகுவதற்கு முன்பே அடியில் படிகின்றன. குமிழிகள் மேலே ஏறிவிடுகின்றன. மேற்பகுதி உப்புகிறது, அடிப்பகுதி கஞ்சியாக வெந்து நிற்கிறது. கத்தி அந்தக் கஞ்சிக்குள் போய்வந்தாலும் ஒட்டாது, ஏனென்றால் அது வெந்த கஞ்சி. கேட்டவரின் கத்தி பொய் சொல்லவில்லை. அதனிடம் கேட்ட கேள்விதான் வேறு.

இன்னொன்றும் சேர்த்துக்கொள்ள வேண்டும். பழம் கனியக் கனியத் தோலில் உள்ள நீரும் சதைக்குள் இறங்குகிறது. கறுத்த பழத்தின் தோல் காகிதம் போல மெலிந்துபோவதும் சதை கூழாவதும் அதனால்தான். கேக்குக்கு மிகவும் உகந்தது என்று நாம் தேடி எடுக்கிற பழமே மிகவும் நீர்ப்பிடிப்பான பழமாகவும் இருக்கிறது.

மார்ச் 7, மாலை

விட்டுப்போனது: ஓட்ஸையும் கோப்பையால் அளக்காதீர்கள். அரைப்பதற்கு முன் அளந்த ஒரு கோப்பை ஓட்ஸ் சுமார் 90 கிராம். அரைத்தபின் அளந்தால் எவ்வளவு அழுத்தி நிரப்பினோம் என்பதைப் பொறுத்து அதைவிடக் கூடும். கேட்டவர் அரைப்பதற்கு முன் அளந்திருந்தால் அவரிடம் இருந்தது 180 கிராம் மாவுதான்; பெரிய பழம் என்றால் என் இரண்டாவது கேக்கைவிடத் தளர்ந்த கலவை.

மார்ச் 9

எந்த அளவு கனிந்த பழம் வேண்டும் என்று ஒருவர் கேட்டிருக்கிறார்; அவசரத்துக்குக் காயான பழத்தை ஓவனில் சுட்டுக் கனிய வைக்கலாமா என்று இன்னொருவர். இரண்டுக்கும் ஒரே விடைதான் பொருந்தும் என்பதால் சேர்த்தே எழுதுகிறேன்.

பச்சையாக இருக்கும்போது வாழையின் சதையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு மாவுச்சத்து. கனியும்போது காயிலிருந்தே வெளிப்படும் எத்திலீன் வாயு தூண்டுதலாக இருக்க, நொதிகள் அந்த மாவுச்சத்தைச் சிறிது சிறிதாக உடைத்துச் சர்க்கரையாக்குகின்றன. முழுதாகக் கனிந்த பழத்தில் ஓரிரு விழுக்காடு மாவுச்சத்துதான் மிஞ்சும். மஞ்சள் தோலில் கரும்புள்ளிகள் நெருக்கமாக விழுந்த நிலை, அல்லது பாதித் தோல் கறுத்த நிலை, இந்தக் கேக்குக்குப் போதும். வெளியே சர்க்கரை சேர்க்காத கேக் என்றால் இதில் சமரசம் செய்துகொள்ளவே கூடாது. புள்ளி விழாத மஞ்சள் பழத்தில் செய்த கேக்கை என் வீட்டில் யாரும் இரண்டாம் துண்டு கேட்டதில்லை.

ஓவனில் சுடுவதை நான் செய்து பார்த்திருக்கிறேன். கால் மணி நேரத்தில் தோல் கறுத்துவிடுகிறது, சதை குழைந்துவிடுகிறது, பார்ப்பதற்குக் கனிந்த பழம்தான். வாயில் வைத்தால் இனிப்பு இல்லை. மாவுச்சத்து சர்க்கரையாக நாட்கள் வேண்டும். சூடு அந்த நொதிகளையே அழித்துவிடுகிறது. குளிர்பதனப் பெட்டியில் வைத்த காயின் தோல் கறுப்பதும் இப்படித்தான்: சுமார் 13 பாகைக்குக் கீழே போனால் தோல் கன்றிப்போகிறது, உள்ளே காய் காயாகவே கிடக்கிறது. வேகமாகக் கனிய வேண்டுமானால் காகிதப் பையில், முன்பே கனிந்த ஒரு பழத்தோடு மூடி வையுங்கள். அந்தப் பழம் விடும் எத்திலீன் பைக்குள்ளேயே தங்கி வேலை செய்யும்.

மார்ச் 12

உறைநிலைப் பெட்டியில் சேர்த்துவைத்த பழம் உதவுமா என்ற கேள்வி என்னை ஒரு நல்ல இடத்துக்குக் கொண்டுபோனது.

உறையும்போது நீர் பனிப்படிகமாகிச் செல்களைக் கிழித்துவிடுகிறது. அதனால் உறைந்த பழத்தை வெளியே எடுத்து வைத்தால் பழுப்பு நிறத்தில் நீர் ஊறி வடியும். முன்பெல்லாம் நான் அதைக் கொட்டிவிடுவேன்; இனிப்பையும் மணத்தையும் சேர்த்தே கொட்டுகிறேன் என்பது அப்போது தோன்றவில்லை. இந்த முறை 400 கிராம் பழத்தை வடிகட்டியில் போட்டு, வடிந்த நீரைச் சிறு பாத்திரத்தில் மெல்லிய தீயில் வற்றவிட்டேன். தேன் போலக் கெட்டியானதும் பழத்தோடு சேர்த்து மசித்து நிறுத்தேன், 270 கிராம். 400 கிராம் பழத்தின் இனிப்பு 270 கிராம் எடைக்குள் அடங்கிவிட்டது. அந்தக் கேக்கில் களி இல்லை. சர்க்கரை சேர்க்காமலே சர்க்கரை சேர்த்தது போல இருந்தது. நிறமும் ஆழ்ந்த பழுப்பு. இவ்வளவு நாள் இதைச் செய்யாமல் விட்டோமே என்று உண்மையாகவே வருந்தினேன்.

உறையவைக்காத பழத்துக்கும் இது பொருந்தும். மசித்த பழத்தை அகன்ற வாணலியில் கிளறி நீரை வற்றவிடலாம். அடிபிடிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும், முட்டை சேர்ப்பதற்கு முன் நன்றாக ஆறவைக்க வேண்டும்.

மார்ச் 13

கேட்டவர் நிறுத்துவிட்டார். உரித்த மூன்று பழம் 410 கிராம்.

மார்ச் 15

இனி ஓட்ஸைப் பற்றி. தட்டையாக அழுத்திய சாதாரண ஓட்ஸை மிக்சியில் அரைத்துச் சலித்துக்கொள்வதே என் வழக்கம். உடனடி ஓட்ஸ் மெல்லியதாக அழுத்தப்பட்டதால் விரைவாக நீரை இழுக்கும், அதுவும் ஆகும். உடைத்த ஓட்ஸ் மட்டும் வேண்டாம், பல்லில் கடிபடும்.

ஓட்ஸில் பீட்டா குளூக்கான் என்ற கரையும் நார்ச்சத்து இருக்கிறது. அது நீரில் ஊறினால் வழவழப்பாகிக் கலவையைத் தடிமனாக்கும். கலந்த உடனே டின்னில் ஊற்றினால் அந்தத் தடிமன் வருவதற்குள் துகள்கள் அடியில் இறங்கிவிடுகின்றன. ஆகையால் கலந்தபின் பதினைந்து, இருபது நிமிடம் மூடி வைத்து அதன்பிறகு ஓவனில் வையுங்கள்.

மார்ச் 16

நேற்றைய குறிப்பின் கடைசி வரியை அப்படியே பின்பற்ற வேண்டாம். படுக்கப்போகும்போதுதான் உறைத்தது. பேக்கிங் சோடாவையும் சேர்த்துக் கலந்து இருபது நிமிடம் வைத்தால், பழத்தின் புளிப்போடு சேர்ந்த நொடியிலிருந்து சோடா வாயுவை விடத் தொடங்கிவிடும். ஓவனுக்குள் போகும்போது அதில் பெரும்பகுதி தீர்ந்துபோயிருக்கும். பேக்கிங் பவுடரில் சூட்டில் இரண்டாம் முறை வேலை செய்யும் வகை இருப்பதால் அது ஓரளவு தாங்கும். சோடா தாங்காது.

எனவே முறையை மாற்றினேன். பழம், முட்டை, எண்ணெய், உப்பு, ஓட்ஸ் மாவு எல்லாவற்றையும் கலந்துவிடுவேன், இரண்டு மேசைக்கரண்டி மாவைத் தவிர. இருபது நிமிடம் ஊறியபின், எடுத்துவைத்த அந்த மாவோடு சோடாவையும் பேக்கிங் பவுடரையும் சேர்த்து இரண்டு முறை சலித்து, கலவையின் மேல் தூவி, அடியிலிருந்து மேலாகப் புரட்டிக் கலந்து உடனே ஓவனில் வைக்கிறேன். மாவோடு சேர்த்துச் சலிப்பதற்குக் காரணம் உண்டு. தடித்த கலவையில் சோடாவை மட்டும் தூவினால் அங்கங்கே கட்டிநின்று, வெந்த கேக்கில் மஞ்சள் பழுப்புப் புள்ளிகளாகவும் வாயில் கசப்பாகவும் தெரியும்.

குளூட்டன் இல்லாததால் அதிகம் கலக்கினால் கேக் இறுகிவிடும் என்ற அச்சம் இதில் வேண்டியதில்லை. ஆனால் வாயு வெளியேறிவிடும் என்பதால் கடைசிக் கலக்கல் மட்டும் மெதுவாக.

மார்ச் 20

சோடா எவ்வளவு? 200 கிராம் மாவுக்கு ஒரு தேக்கரண்டி பேக்கிங் பவுடர், கால் தேக்கரண்டி சோடா. சோடாவின் வீரியம் பேக்கிங் பவுடரைப் போல மூன்று மடங்குக்கும் மேல். பழத்தில் இருக்கும் புளிப்பு மெல்லியது. கால் தேக்கரண்டிக்கு மேல் போட்டால் மிஞ்சுகிற சோடாவைத் தணிக்க அங்கே எதுவும் இல்லை. சென்ற ஆண்டு மூன்றாம் மாதத்தில் இரண்டு கேக் தொடர்ந்து கசந்தன. இரண்டிலும் ஒரு தேக்கரண்டி சோடா போட்டிருந்தேன். அன்றிலிருந்துதான் இந்தக் கால் தேக்கரண்டி.

மார்ச் 21

பழைய சமையல் குறிப்பேட்டை எடுத்துப் பார்த்தேன். கசந்த இரண்டில் ஒன்றில்தான் ஒரு தேக்கரண்டி சோடா. மற்றொன்றில் கால் தேக்கரண்டி என்றே எழுதியிருக்கிறேன். அப்படியானால் அது ஏன் கசந்தது?

பக்கத்தின் ஓரத்தில் விடை கிடந்தது: மாவு இரண்டு மாதத்துக்கு முன் அரைத்தது. மற்றத் தானியங்களோடு ஒப்பிட்டால் ஓட்ஸில் கொழுப்பு அதிகம், எடையில் சுமார் ஏழு விழுக்காடு. அந்தக் கொழுப்பைச் சிதைக்கும் நொதியை அடக்குவதற்காகவே ஆலையில் ஓட்ஸை ஆவியில் அவித்துச் சூடேற்றிப் பதப்படுத்துகிறார்கள்; ஆனாலும் அரைத்துவிட்டால் காற்றுப்படும் பரப்பு பெருகிவிடுவதால் மாவு விரைவில் சிக்கெடுத்துப் போகும். சோடாவின் கசப்பையும் பழைய மாவின் கசப்பையும் பிரித்தறிய முடியும். சோடா மிஞ்சினால் சோப்பு வாடை, உட்புறம் வழக்கத்தைவிடக் கறுத்த நிறம். மாவு பழசென்றால் பழைய எண்ணெயின் நெடி, நாக்கின் பின்பகுதியில் நெடுநேரம் தங்கும் கசப்பு. சோடாவின் மேல் முழுப்பழியையும் போட்டதைத் திருத்திக்கொள்கிறேன். வேண்டும்போது வேண்டிய அளவு மட்டும் அரையுங்கள்.

மார்ச் 25

ஒருவர் இதைச் சர்க்கரை இல்லாத கேக் என்று சொல்லி நீரிழிவு உள்ள தம் தாயாருக்கு நாள்தோறும் கொடுப்பதாக எழுதியிருக்கிறார். இதைப் படித்ததிலிருந்து மனம் அமைதியாக இல்லை. ஏனென்றால் நானும் அதையே செய்தேன். என் தந்தைக்கு இரண்டு பெரிய துண்டுகள் கொடுத்துவிட்டு, சர்க்கரையே சேர்க்கவில்லை, பயமில்லாமல் சாப்பிடுங்கள் என்று சொன்னேன். இரண்டு மணி நேரம் கழித்து விரலில் குத்திப் பார்த்த அளவு, அவர் வழக்கமான உணவுக்குப்பின் பார்க்கும் அளவைவிட மிகவும் கூடியிருந்தது. என்னை நம்பிச் சாப்பிட்டவர் அவர். அதன்பிறகுதான் கணக்குப் போட்டேன்.

250 கிராம் பழத்தில் சுமார் 30 கிராம் சர்க்கரை இருக்கிறது. பழத்தின் மொத்த மாவுப்பொருள் 55 கிராமுக்கு மேல். 200 கிராம் ஓட்ஸில் இன்னும் 130 கிராம் மாவுப்பொருள். ஆக ஒரு கேக்கில் ஏறத்தாழ 185 முதல் 190 கிராம். பத்துத் துண்டாக வெட்டினால் துண்டுக்கு 19 கிராம். என் தந்தைக்கு நான் கொடுத்தது அந்தத் துண்டைப் போல இரு மடங்கு பெரியது, அதிலும் இரண்டு. அதற்கு மேல், முழு ஓட்ஸைவிட மாவாக அரைத்த ஓட்ஸ் விரைவாகச் செரித்து இரத்தத்தில் சேர்கிறது. பழமும் கனியக் கனிய அப்படியே. சுவைக்காக நாம் செய்கிற இரண்டு வேலையும், அரைப்பதும் கனியவிடுவதும், இந்த ஒரு விஷயத்தில் எதிர்த்திசையில் இழுக்கின்றன.

ஓட்ஸ் இதயத்துக்கு நல்லது என்பதையும் அளவோடுதான் சொல்ல வேண்டும். நாளொன்றுக்கு 3 கிராம் பீட்டா குளூக்கான் என்ற அளவை வைத்து 1997ஆம் ஆண்டு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் ஓட்ஸ் உணவுகளில் அந்த நலக்கூற்றை அச்சிட அனுமதித்தது. நம் கேக்கின் ஒரு துண்டில் 20 கிராம் ஓட்ஸ். அதில் பீட்டா குளூக்கான் ஒரு கிராம்கூடத் தேறாது. அதற்காக நான்கு துண்டு சாப்பிடச் சொல்ல என்னால் முடியாது.

தாயாருக்கு ஒரு மெல்லிய துண்டு கொடுங்கள், சாப்பிடுவதற்கு முன்னும் பின்னும் அளந்து பாருங்கள், மருத்துவரிடம் காட்டுங்கள். சர்க்கரை சேர்க்காத கேக் என்று சொல்லலாம். சர்க்கரை இல்லாத கேக் என்று சொல்லக் கூடாது.

மார்ச் 26

குளூட்டன் ஒவ்வாதவர்கள் சாப்பிடலாமா என்ற கேள்விக்குச் சுருக்கமாக: ஓட்ஸ் பெரும்பாலும் கோதுமை கலக்கும் வயல்களிலும் ஆலைகளிலும் கையாளப்படுகிறது. குளூட்டன் அற்றது என்று உறையில் குறிக்கப்பட்ட ஓட்ஸ்தான் வேண்டும். குளூட்டனால் குடல் பாதிக்கப்படும் சீலியாக் நோய் உள்ளவர்களில் சிலருக்குத் தூய ஓட்ஸும் ஒத்துக்கொள்வதில்லை. அவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொட வேண்டாம்.

ஏப்ரல் 2

அளவுகளை ஒரே இடத்தில் எழுதச் சொன்னார்கள். உரித்தபின் 250 கிராம் பழம். 270 வரை போகலாம், அதற்கு மேல் இருந்தால் வற்றவிடுங்கள். 200 கிராம் ஓட்ஸ் மாவு, முட்டை இரண்டு, எண்ணெய் 50 மில்லி, உப்பு கால் தேக்கரண்டி, பேக்கிங் பவுடர் ஒரு தேக்கரண்டி, சோடா கால் தேக்கரண்டி. இனிப்பு கூடுதலாக வேண்டுவோர் 50 கிராம் நாட்டுச் சர்க்கரை சேர்க்கலாம். இலவங்கப்பட்டைத் தூள் அரைத் தேக்கரண்டி. உப்பும் பட்டையும் இல்லாவிட்டால் பழத்தின் இனிப்பு தட்டையாகத் தெரிகிறது, ஆகவே அவற்றை விடாதீர்கள். முதலில் 175 பாகைக்கு ஓவனைச் சூடாக்கி வைத்து, அதன்பிறகே சோடாவைச் சேருங்கள். முப்பதாவது நிமிடத்தில் மேற்பகுதி மிகவும் சிவந்திருந்தால் அலுமினியத் தாளைத் தளர்வாக மூடுங்கள். பழச் சர்க்கரை விரைவில் கருகும். 45 நிமிடத்தில் வெப்பமானியைப் பாருங்கள். நீள டின்னுக்குப் பதிலாக 20 சென்டிமீட்டர் வட்ட டின் என்றால் கலவையின் ஆழம் குறைவதால் 30 நிமிடத்திலேயே பார்க்கத் தொடங்க வேண்டும். முதல் முறை செய்கிறவர்களுக்கு அந்த டின்னையே பரிந்துரைக்கிறேன்.

ஏப்ரல் 6

கேட்டவர் 260 கிராம் பழத்தில் செய்திருக்கிறார். களி இல்லை, ஆனால் டின்னிலிருந்து கவிழ்த்தபோது இரண்டாக உடைந்துவிட்டது, ஆக மைதா வேண்டும் என்ற தம் முடிவு பாதி சரி என்கிறார்.

வெளியே எடுத்து எவ்வளவு நேரத்தில் கவிழ்த்தீர்கள்?

ஏப்ரல் 7

ஐந்து நிமிடமாம். அதுதான் காரணம். கோதுமை மாவுக் கேக்கைச் சூட்டோடு தாங்குவதற்கு அந்த வலை இருக்கிறது. இதில் அது இல்லை. சூடாக இருக்கும்வரை ஓட்ஸின் மாவுச்சத்து மென்மையான கூழ்நிலையில் இருக்கும், ஆறும்போதுதான் கெட்டிப்படும். டின்னிலேயே இருபது நிமிடம் விட்டு, அடியில் விரித்த காகிதத்தோடு தூக்கிக் கம்பித்தட்டில் வைத்து, குறைந்தது ஒன்றரை மணி நேரம் ஆறவிடுங்கள். காகிதத்தை உடனே உரித்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஆவி அடியில் தங்கி, இவ்வளவு பாடுபட்டு விரட்டிய ஈரத்தைத் திரும்பக் கொண்டுவந்துவிடும்.

ஏப்ரல் 12

உடையவில்லை என்று எழுதியிருக்கிறார். படமும் போட்டிருக்கிறார்: அடிவரை துளைகள், ஓரம் கூர்மையாக வெட்டுப்பட்ட துண்டு. எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி.

மறுநாள் இன்னும் நன்றாக இருக்கும். இரவு முழுவதும் மூடி வைத்தால் ஓரத்தின் வறட்சியும் நடுவின் ஈரமும் சமமாகி, பழத்தின் மணம் கூடுதலாகத் தெரியும். ஈரம் மிகுந்த கேக் என்பதால் வெளியே இரண்டு நாளுக்கு மேல் வைக்காதீர்கள். வெப்பம் மிகுந்த நாட்களில் ஒரே நாள்தான். குளிர்பதனப் பெட்டியில் நான்கு நாள் தாங்கும். துண்டு போட்டு இடையில் காகிதம் வைத்து உறையவைத்தால், வேண்டும்போது ஒவ்வொன்றாக எடுத்துக் காய்ந்த தோசைக்கல்லில் இரு புறமும் சூடாக்கிக்கொள்ளலாம்.